30 கிலோமீட்டர், ஆறு மணி நேரம்

1/ லண்டனுக்கும் பாரிஸுக்கும் நேர்கோட்டில் சுமார் 340 கி.மீ. ஃப்ளைட்ல ஒன்றேகால் மணி நேரம். ஆனாலும் நிறைய பேர் கடலுக்கடியில் போற யூரோஸ்டார் ரயிலைத்தான் பிடிக்கிறாங்க. அதுக்கு ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம் ஆகுது. ஏன்?

2/ ஏர்போர்ட் ஊருக்கு வெளியே. முன்னாடியே போய் வரிசையில் நிக்கணும். இறங்கின பிறகு ஊருக்குள்ள வரணும். ரயில் ஊர் நடுவுல ஏத்தி ஊர் நடுவுல இறக்கிடுது. வீட்டு வாசல்ல இருந்து போய்ச் சேருற வாசல் வரைக்கும் கணக்குப் போட்டாதான் உண்மையான பயண நேரம் தெரியும்.

3/ உத்திரமேரூர் பக்கத்து டாக்டருக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. இங்கிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி சுமார் 30 கி.மீ. காஞ்சிபுரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துல போயிடலாம். ஆனா பக்கவாதம் வந்த பலர் அந்த தூரத்தைக் கடக்க அஞ்சாறு மணி நேரம் எடுத்துக்கிறாங்க.

4/ சாலவாக்கம் பக்கம் ஒரு பெரியவர். காலை 6 மணிக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது வலது கை விழுந்துடுச்சு, பேச்சு குழறுச்சு. வாயுப் பிடிப்புன்னு தைலம் தேய்ச்சாங்க. மெடிக்கல்ல மாத்திரை வாங்கினாங்க. ஒருத்தர் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார், அதுவும் நடந்துச்சு. மகன் சென்னையில இருந்து வந்து, கார் பிடிச்சு, என்கிட்ட வந்தப்ப மணி 12.

5/ "அரை மணியில செங்கல்பட்டு போயிடுவேன் சார்"னார் மகன். போகத்தான் வேணும், அனுப்பிவச்சேன். ஆனா அடைப்பைக் கரைக்கிற ஊசியை ஆரம்பிச்சதுல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அந்த நேரம் 10.30-க்கே முடிஞ்சிருந்தது. அவருக்கு இன்னும் வலது கையால சோறு பிசைய வரலை.

6/ மூளைக்கு ரத்தம் போற பெரிய குழாய் அடைச்சா, நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகுதுன்னு ஒரு கணக்கு இருக்கு. அதனால நாலரை மணி வரைக்கும் டைம் இருக்கேன்னு உட்காராதீங்க. சீக்கிரம் போட்டா பலன் அதிகம்.

7/ ஊசிக்கு முன்னாடி சி.டி. ஸ்கேன் கட்டாயம். அடைப்பும் பக்கவாதம்தான், ரத்தக்கசிவும் பக்கவாதம்தான். கசிவு இருக்கும்போது இந்த ஊசி போட்டா உயிருக்கே ஆபத்து. அதனால சி.டி. இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க.

8/ வாய் ஒரு பக்கம் கோணுதா? ஒரு கை தூக்க வரலையா? பேச்சு குழறுதா? இதுல ஒண்ணு திடீர்னு வந்தாலும் உடனே 108. வாயில தண்ணி, சோறு, மாத்திரை எதுவும் வேண்டாம். சாப்பிடுற மாத்திரை அட்டைகளை எடுத்துக்கோங்க.

9/ மணியைக் குறிச்சு வைங்க. தூங்கி எழுந்தப்பவே இப்படி இருந்தா, கடைசியா எப்ப நல்லா இருந்தார்னு சொல்லுங்க. கணக்கு அங்கிருந்துதான். லேட் ஆயிடுச்சுன்னு போகாம இருந்துடாதீங்க. சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும் குழாய் வழியா அடைப்பை எடுக்க முடியும்.

10/ ரோட்டுல யாரும் நேரத்தைத் தொலைக்கறதில்லை. திண்ணையிலதான் தொலையுது. வீட்ல பெரியவங்க, பிபி, சுகர் இருக்கறவங்க இருந்தா இன்னிக்கு ராத்திரியே பேசி முடிவு பண்ணுங்க: எந்த ஆஸ்பத்திரி, கூட யார் போறது. வெளியூர் மகன் நேரா ஆஸ்பத்திரிக்கு வரட்டும்.