ஏட்டில் ஏறாத சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் ஏறாத சுரைக்காயும் உதவாது என்பதை என் தம்பியால் அறிந்தேன்.

தானா ராத்தாவில் முட்டைக்கோசும் தக்காளியும் பயிரிடுகிறவன் அவன். 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொது மானியம் எடுக்கப்பட்டு, லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. மலிவு டீசல் கடத்தல்காரர் கைக்குப் போய்க்கொண்டிருந்ததை மறுப்பதற்கில்லை. தகுதியுள்ள சிறு விவசாயிகளுக்குப் 'புடி மடானி' திட்டத்தில் மாதம் 200 வெள்ளி அறிவிக்கப்பட்டது.

தம்பியின் பழைய வண்டி மாதம் 300 லிட்டர் குடிக்கும். கூடுதல் செலவு 360 வெள்ளி. 200 கிடைத்தாலும் 160 கையைக் கடிக்கும். அவனுக்கோ அதுவும் இல்லை! விவசாயி என்று எங்கும் பதிந்துகொள்ளவில்லை.

"நான் விவசாயி என்று மண்ணுக்குத் தெரியாதா, அக்கா?" என்றான்.

மண்ணுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாதே!

அம்மா, கொழுந்து பறித்துச் சேர்த்த காசை எடுத்து நீட்டினார். வாங்கியவன் தலை நிமிரவில்லை.

மறுநாளே விவசாய இலாகாவுக்கு அழைத்துப்போய்ப் பாரத்தை நிரப்ப வைத்தேன். மானியம் பிச்சையன்று, நம் வரிப்பணம். உங்கள் வீட்டிலும் விதைப்பவர் இருந்தால், முதலில் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.