கம்பிக்குக் கம்பி

சென்ற இடவப்பாதி மழையில், கள்ளிக்காட்டில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கூரையிலிருந்து ஒரு காங்கிரீட் சில்லு பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடம், அம்மா தினமும் உட்கார்ந்து தேங்காய் துருவும் மணை. ஐந்து நிமிடத்துக்கு முன்தான் அவள் எழுந்து முற்றத்துக்குப் போயிருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். அப்பா 1986-ல் வார்த்த கூரையில் கம்பிகள் வெளியே தெரிந்தன. தொட்டதும் ஏடு ஏடாக உதிர்ந்தன.

தற்செயலாக, அந்த வாரம் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது ஒரு கட்டுமானக் கையேடு. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்யும் கம்பியைப் பற்றியது. துருவே பிடிக்காது, எடை இரும்பில் நாலில் ஒரு பங்கு, இழுவைத் தாங்கும் பலமோ சாதாரணக் கம்பியைவிட அதிகம். இந்தியத் தர நிர்ணய அமைவனமே 2023-ல் இதற்கு ஐ.எஸ். 18256 என்ற தர வரையறையை வெளியிட்டிருக்கிறது. 'எஃகுக்கு மாற்று' என்று உற்சாகமாக எழுதினேன். புதுக் கூரையை இதிலேயே வார்ப்பது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

கொத்தனார் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சாரே, அது வளையுமா?"

அன்று இரவு அந்தக் கேள்வியோடு கையேட்டை மறுபடி படித்தேன். வளையாது. வளைவு வேண்டுமென்றால் தொழிற்சாலையிலேயே வளைத்து வர வேண்டும். விறைப்பும் இரும்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். கணக்கை மாற்றாமல் கம்பிக்குக் கம்பி என்று வைத்தால் கூரை தொய்யும். அளவுக்கு மேல் பாரம் ஏறினால் இரும்பு முதலில் நீளும். கூரை தொங்கி, வெடித்து, ஆட்களை எச்சரிக்கும். இழைக் கம்பி நீண்டு கொடுக்காமல் சட்டென்று அறுந்துவிடும். தீப்பிடித்தால் பிசின் இளகிவிடும்.

எல்லாம் நான் ஏற்கெனவே மொழிபெயர்த்த வரிகள்தான். 'மாற்று' என்ற சொல்லைப் போட்ட கையோடு அவற்றைக் கடந்து போயிருந்தேன்.

அப்படியானால் எங்கள் கூரை ஏன் கெட்டது? கொத்தனார் காட்டினார். சில இடங்களில் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே நகக்கண் அளவுகூடக் கனம் இல்லை. நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மை இரும்பைத் துருவிலிருந்து காக்கும். போர்வை மெலிந்து, காற்றும் ஈரமும் உள்ளே போனால் அந்தக் காவல் போய்விடும். துரு, இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். நம் ஐ.எஸ். 456 விதி, சாதாரணச் சூழலுக்கே 20 மில்லிமீட்டர் போர்வை கேட்கிறது. கடற்கரையில் 45, அதற்கும் மேல்.

இழைக் கம்பிக்கு வேலை உள்ள இடம் அந்த உப்புக்காற்றுதான்: கடல் சுவர், படகுத்துறை, பாலத்தின் மேல்தளம். அங்கேகூட அது ஒன்றே வழியல்ல. 2025-ல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருவேறா எஃகுக் கம்பியைத் தேர்ந்தெடுத்தார்கள். எந்த இடத்துக்கு எது என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு பொறியாளர் வேண்டும். விளம்பரமோ மொழிபெயர்ப்பாளனோ சொல்லி முடிவு செய்கிற காரியமல்ல.

கையேட்டை அனுப்பியவர்களிடம் பேசினேன். 'எஃகுக்கு மாற்று' என்பது 'சில இடங்களில், தனிக் கணக்கின்படி, எஃகுக்கு மாற்று' என்றானது. தலைப்பு நீண்டுவிட்டது என்று குறைப்பட்டார்கள். ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தமிழை நம்பித்தானே யாரோ ஒரு கொத்தனார் யாருடைய தலைக்கு மேலோ கம்பி கட்டப் போகிறார்!

எங்கள் சமையலறையை இரும்புக் கம்பியிலேயே வார்த்தோம். பலகையில் கம்பி படாதபடி, அடியில் சிமென்ட் கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தார் கொத்தனார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். மேலே தண்ணீர் நிற்காமல் ஓடச் சரிவும் வைத்தோம்.

அம்மா மணையைப் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டாள். ஆனால் உட்காரும் முன் ஒருமுறை மேலே பார்க்கிறாள்.