நெருஞ்சி முள்ளும் மிதிவண்டியும்

எங்கள் பெரியகுளம் வட்டாரத்தில் முள்ளுக்குப் பஞ்சமில்லை. மாந்தோப்புகளுக்கு வேலி அடைக்க வெட்டிப் போடும் கருவேல முள், கண்மாய்க் கரைகளை வளைத்துக்கொண்டு நிற்கும் சீமைக் கருவேல முள், மழை ஓய்ந்தபின் பாதையோரங்களில் மஞ்சள் பூவோடு படரும் நெருஞ்சி முள் என மூவகை முட்களும் இங்கு மலிந்து கிடக்கின்றன. இவற்றுள் நெருஞ்சியே மிதிவண்டிக்குப் பெரும்பகை. அதன் காய் காய்ந்து துண்டுகளாக உடைந்தபின், ஒவ்வொரு துண்டும் எப்பக்கம் விழுந்தாலும் ஒரு முள் வானத்தை நோக்கியே நிற்கும். மேனாட்டாரும் இதற்கு அஞ்சியவரே. ஆங்கிலத்தில் இச்செடிக்குப் 'பஞ்சர்க் கொடி' என்று பொருள்படும் பெயரே வழங்குகின்றது.

சிறு முள்தானே என்று நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. தமிழகத்தில் 2001-2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கப்பெற்ற விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் படிப்படியாக விரிந்தது. பேருந்து எட்டாத சிற்றூர்ப் பிள்ளைகளும் மேல்நிலைக் கல்வியை எட்டிப் பிடிக்க அது துணை நின்றது. அம்மிதிவண்டியின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டால் என்ன நிகழும் என்பதை நான் நேரில் கண்டேன். பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தியின் தாய் ஒருநாள் என்னிடம் வந்து, "சாமி, வாரத்துக்கு ரெண்டு தடவை பஞ்சர் ஆகுது. தோப்பு வழியா இருட்டுல வண்டியைத் தள்ளிக்கிட்டு வர்றா. இனிமே அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதா இல்லை" என்றார். ஒரு நெருஞ்சி முள் ஒரு பெண்ணின் படிப்பையே நிறுத்திவிடும் நிலை அன்று உருவாகியிருந்தது.

இத்தொல்லை காற்றடைத்த டயரோடு உடன்பிறந்ததாகும். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டி கல்பாவிய தெருவில் குலுங்காமல் ஓட வேண்டுமென்று காற்றடைத்த டயரைச் செய்து, 1888இல் காப்புரிமை பெற்றார். குலுக்கல் நின்றது, ஆயின் பஞ்சர் பிறந்தது. முதலில் டயரைச் சக்கரத்தோடு பசையிட்டு ஒட்டியிருந்தமையால் பழுதுபார்ப்பதே பெரும்பாடாயிற்று. பிரான்சு நாட்டு மிஷ்லின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891இல் கொண்டுவந்த பின்னரே அவ்வேலை எளிதாயிற்று.

உள்ளே டியூபே இல்லாத 'டியூப்லெஸ்' டயரை இன்று கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் நாம் காண்கிறோம். மிதிவண்டிக்கும் அது வந்துவிட்டது. மலைப்பாதை மிதிவண்டிகளுக்கென்று பிரெஞ்சு நிறுவனங்கள் 1999இல் இம்முறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்டன. இதில் டயரின் ஓரம் ரிம்மோடு காற்றுப் புகாதவாறு இறுகப் பொருந்துகின்றது. ஸ்போக்ஸ் கம்பிகளுக்கான துளைகள் ஒருவகை நாடாவால் அடைக்கப்படுகின்றன. உள்ளே 'சீலன்ட்' எனப்படும் அடைப்புத் திரவம் ஊற்றப்படுகின்றது.

அத்திரவம் வேலை செய்யும் விதம் வியப்புக்குரியது. இவ்வகைத் திரவங்களுள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை ரப்பர்ப் பாலே. குமுளி மலைப்பாதையைக் கடந்து கோட்டயம் பக்கம் சென்றவர்கள் ரப்பர் மரங்களைப் பார்த்திருப்பார்கள். பட்டையைக் கீறினால் பால் வடிகின்றது. சிறிது நேரத்தில் அது உறைந்து காயத்தை மூடிவிடுகின்றது. மரம் தன் புண்ணை ஆற்றிக்கொள்ளும் அதே வழியில்தான் டயரும் ஆற்றிக்கொள்கின்றது. முள் குத்திய துளை வழியே காற்று பீறிடும்போது திரவமும் உடன் வந்து, அதில் கலந்துள்ள நுண்துகள்களோடு அங்கேயே திரண்டு அடைத்துவிடுகின்றது. முள்துளைக்கு இது போதும். கண்ணாடிச் சில்லோ இரும்புத் தகடோ கிழித்த பெருங்காயத்துக்குப் போதாது.

அப்படியானால் நம் பிள்ளைகளின் மிதிவண்டிகளையும் டியூப்லெஸ் ஆக்கிவிடலாமா என்ற வினா எழுகின்றது. எங்கள் ஊரில் பல்லாண்டுகளாகப் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் இதைக் கேட்டேன். "நம்ம ரிம்முல அந்த டயர் உட்காராது சாமி. காத்து நிக்காது. மருந்தை டியூப்புக்குள்ளேயே விட்டுப் பார்ப்போம்" என்றார். அவர் சொன்னதே சரி. டியூப்லெஸ் முறைக்கு அதற்கென்றே வார்த்த ரிம்மும் டயரும் வேண்டும். சாதாரண இரும்பு ரிம்மில் அதனை முயல்வது வீண் செலவு மட்டுமன்று, ஆபத்துமாகும்.

ஆனால் டியூப்புக்கென்று விற்கப்படும் அடைப்புத் திரவம் உண்டு. வால்வைக் கழற்றி, டயரின் அளவுக்கேற்பப் புட்டியில் குறித்துள்ளபடி ஊற்றி, மீண்டும் காற்றடித்துச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் போதும். அம்மாணவியின் வண்டிக்குப் பெரியவர் அவ்வாறே செய்தார். சில வாரங்கள் கழித்து அவர் அந்த டயரிலிருந்து நெருஞ்சி முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபோது நானும் உடனிருந்தேன். துளை கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினார். ஒரு துளி கசிந்தது, பின் நின்றுவிட்டது. காற்று இறங்கவில்லை. அவள் படிப்பும் நிற்கவில்லை.

இதிலும் குறைகள் உண்டு. ரப்பர்ப் பாலால் ஆன திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடும். நம் கோடைவெயிலில் அது இன்னும் விரைவில் நிகழும். எனவே ஒருமுறை ஊற்றியதோடு மறந்துவிடலாகாது. வால்வில் பிசின் படிந்து அடைத்துக்கொள்வதும் உண்டு; வால்வு மேற்புறம் இருக்கும்படி நிறுத்திக் காற்றடித்தால் இது குறையும். பிற்பாடு ஒட்டுப்போட நேர்ந்தால், அவ்விடத்தை நன்கு துடைத்து உலரவைத்தாலன்றி ஒட்டு நில்லாது.

திரவம் வாங்க இயலாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. செலவில்லாத காப்புகள் சில உள்ளன. காற்றுக் குறைந்த டயர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி டியூப்பைக் கடித்துவிடும். ஆகவே டயரின் பக்கவாட்டில் குறித்துள்ள அளவுக்குக் காற்று இருத்தல் வேண்டும். நாள்தோறும் வீடு திரும்பியதும் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, பாதி ஏறிய முள்ளை எடுத்துவிட வேண்டும். இன்று டயரில் தைத்த முள் நாளை டியூப்பை எட்டும். ஒட்டுப்போட்டபின் டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் ஒருமுறை சுற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே தங்கிய முள்முனை துணியில் சிக்கும். அதை விட்டுவைத்தால் மறுநாளே மீண்டும் பஞ்சர். தேய்ந்து நூல் தெரியும் டயருக்கு எந்த மருந்தும் உதவாது, மாற்றுவதே வழி.

பெற்றோரே, பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுக்கிறோம். சீருடையைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிறோம். அவர்களைப் பள்ளிவரை சுமந்து செல்லும் சக்கரத்தை மாலைதோறும் ஒரு நிமிடம் தொட்டுப் பார்ப்பதும் அவ்வன்பில் அடங்கும். மகளுக்கும் மகனுக்கும் டயரைக் கழற்றி ஒட்டுப்போடக் கற்றுக்கொடுங்கள். பாதையிலுள்ள முட்களையெல்லாம் நம்மால் பொறுக்கிவிட முடியாது; முள் தைத்தாலும் பயணம் தடைப்படாதவாறு பார்த்துக்கொள்ள நிச்சயம் முடியும்.