மணியின் ரத்த ரிப்போர்ட்

எங்கள் மணிக்கு ஒன்பது வயது. சிப்பிப்பாறை. போன மாதம் இரண்டு நாள் சோறு தொடவில்லை என்று துடியலூரிலேயே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது.

மில்லில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். எண்ணைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. பீரோவிலிருந்து என் ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மணிக்குக் கொலஸ்ட்ரால் 260! எனக்கு 210-க்கே தேங்காய்ச் சட்னியை நிறுத்தினார்கள்.

"ஏனுங்க, அவனுக்கும் முட்டைய நிறுத்தீரலாமுங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

மறுநாள் டாக்டரம்மா சிரித்தார். நாய்க்கு 300 வரைக்கும்கூட சாதாரணமாம். நம்மைப்போல ரத்தக்குழாய் அடைத்து மாரடைப்பு வருவது நாய்க்கு அபூர்வம். சர்க்கரை 70-லிருந்து 120 வரை, ஏறக்குறைய நமக்குச் சாப்பிடும் முன் இருப்பது மாதிரிதான். குட்டிகளுக்கு எலும்பு வளர்வதால் அல்கலைன் பாஸ்படேஸ் கூடுதலாக இருக்கும். அளவுகள் லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். நல்ல ஆரோக்கியமான நாய்கள் நூற்றில் 95-க்கு இருப்பதைத்தான் 'நார்மல்' என்று அச்சடிக்கிறார்களாம். மீதி ஐந்தும் நல்ல நாய்கள்தானே!

நான் பயந்தது கிரியேட்டினினுக்கு. 1.5. ரிப்போர்ட்டில் 0.5 முதல் 1.8 வரை நார்மல் என்றிருந்தது. ஆனாலும் எங்கள் அண்ணன் கிட்னியில்தான் போனார். அந்த வார்த்தையே எனக்கு ஆகாது.

"வேட்டை நாய்க்குச் சதை அதிகமுங்க ஐயா, கொஞ்சம் கூடத்தான் காட்டும். நல்லா இருந்தப்ப எடுத்த ரிப்போர்ட் இருக்குதுங்களா?"

இரண்டு வருஷம் முன்பு காலில் ஆபரேஷன் செய்தபோது எடுத்தது இருந்தது. 0.9. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. சிறுநீரக வேலையில் முக்கால்வாசி போன பிறகுதான் கிரியேட்டினின் எல்லையைத் தாண்டுமாம். எல்லைக்குள் இருந்தாலும், 0.9 என்பது 1.5 ஆனது நல்லதில்லை. "தண்ணி ஜாஸ்தி குடிக்கறானுங்களா?" என்று கேட்டார். சித்திரை வெயிலுக்கென்று நினைத்து நான்தான் தினமும் இரண்டு தடவை சட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

விடிகாலையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மணி பின்னாலேயே நடந்த கதையைத் தெருவே பார்த்தது. மூத்திரம் நீர்த்துத்தான் இருந்தது. ஆரம்ப நிலை என்றார்கள். சாப்பாட்டை மாற்றியிருக்கிறோம். இப்போது தட்டைக் காலி செய்கிறான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் பைலிலேயே அவனுடையதையும் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன்.