கொல்லையில் ஒரு கோர்ட்!

"வீட்டிலேயே கோர்ட் வைக்கப் போறேன் ஸார்" என்று ஆபீஸில் சொன்னதும், எங்கள் சூப்பரின்டெண்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அனுதாபத்தோடு கேட்டார்: "ஏம்ப்பா, அண்ணன் தம்பிக்குள்ள சொத்துத் தகராறா?"

இல்லை ஸார், இது பாட்மின்ட்டன் கோர்ட்! ஆனாலும் வழக்கு, வாய்தா, தீர்ப்பு எல்லாம் இதிலும் உண்டு. கேளுங்கள்.

என் தம்பிக்கு 2019-ல் பைக் விபத்து. முதுகுத்தண்டில் அடி. அன்றிலிருந்து வீல்சேர். அதற்கு முன்பு தெருவில் கோடு போட்டு, இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே வலை கட்டி, ராத்திரி பத்து மணிக்கு அம்மா கரண்டியோடு வந்து நிற்கும்வரை ஆடுகிற பயல். அப்புறம் அவன் உலகம் ஹால் டி.வி-யிலிருந்து ஜன்னல் வரை என்று சுருங்கிவிட்டது.

2021-ல் டோக்கியோ பாராலிம்பிக்ஸ் நடந்தது. அதில்தான் முதல்முறையாக பாட்மின்ட்டனைச் சேர்த்தார்கள். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஸ்மாஷுக்கும் அவனுடைய வலது மணிக்கட்டு மட்டும் லேசாக அசைந்தது. வீட்டில் அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான்.

அந்த மணிக்கட்டு என் மனசிலேயே உட்கார்ந்துவிட்டது. போன வருஷம் பி.எஃப்-பில் கை வைத்தேன்.

தம்பிக்கு 'சஸ்பென்ஸ்' கொடுக்க வேண்டுமாம்! அவனையும் அம்மாவையும் திருச்சியில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கொல்லையை அளந்தேன். ஐம்பத்து நாலு அடிக்கு இருபது அடி. வீல்சேர் ஒற்றையர் ஆட்டத்துக்குப் பாதி அகலம்தான் கணக்கு. 44 அடி நீளம், 10 அடி அகலம். வலையை ஒட்டி ஷார்ட் சர்வீஸ் கோடு வரை உள்ள இடத்தில் விழுந்தால் அவுட். சுற்றிலும் வண்டி திரும்ப ஐந்தடி மிச்சம். எனக்காகவே வெட்டின மாதிரி கொல்லை!

முதல் எதிர்ப்பு அப்பாவிடமிருந்து. வாழைமரத்தை வெட்டியதற்கு அல்ல. "செயற்கைப் புல்லா? 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்ல அந்தப் புல்லுலதாண்டா ஹாக்கி வெச்சான். நம்ம ஆளுங்க ஏழாவது இடம். அந்தக் கருமத்தை என் வீட்டுக்குள்ள கொண்டு வரியா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது, மேஸ்திரி. பின்வாசல் ஒன்றரை அடி உயரம். "சரிவு போட்டுத் தர்றேன் ஸார், ஆறடி போதும். ஸ்கூட்டரே ஏறும்" என்றார். ஸ்கூட்டருக்கு இன்ஜின் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மூன்றாவது, புல் விற்றவர். கைதேர்ந்த பேச்சு. "ஃபுட்பால் கிரேடு ஸார், ஐம்பது மில்லி. மெத்தை மாதிரி இருக்கும்!" நான் தடவிப் பார்த்தேன். நிஜமாகவே மெத்தைதான். நடுநடுவே கறுப்பு ரப்பர் தூளைத் தூவிக் கொடுத்தார்கள். கண்ணுக்குப் பச்சைப் பசேல்.

தம்பி வந்தான். பின்வாசலில் நின்று பார்த்தான். நான் சினிமா ஹீரோ மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம். சேரைத் திருப்பினான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் என்ன தப்புப் பண்ணினேன், நீங்களே சொல்லுங்கள்?

ராத்திரி அவனே கூப்பிட்டான். "அண்ணா, எனக்குச் சட்டை எடுத்தாக்கூட கலர் பிடிச்சிருக்கான்னு கேப்பே. இதுக்கு ஒரு வார்த்தை கேட்டியா? என் கால்தான் போச்சு. வாய் இருக்கே." அப்புறம் சேரிலிருந்து கட்டிலுக்கு மாறிக்கொண்டு சொன்னான்: "இதுல உக்காரு. போய் உன் கோர்ட்டைப் பார்த்துட்டு வா."

போனேன். சரிவில் முன் சக்கரம் இறங்கியதுதான் தெரியும். அடுத்த நொடி துவைக்கிற கல்லோடு கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். புல்லில் ஏறினால் சக்கரம் அழுந்திக்கொண்டது. மெரினா மணலில் தள்ளுவண்டி தள்ளின மாதிரி! நாலு தள்ளலுக்குத் தோள் கழன்றுவிட்டது. திரும்பி மேலே ஏற முடியவில்லை. அப்பாதான் வந்து தள்ளிவிட்டார். "மாண்ட்ரியல்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தம்பி காலண்டர் தாளின் பின்புறம் படம் போட்டான். இத்தனை வருஷம் அந்த ஜன்னலில் உட்கார்ந்து அவன் என்ன யோசித்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குலச் சரிவு. அப்படியானால் ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி. நேராகப் போட்டால் கோர்ட்டைத் தின்றுவிடும். அதனால் சுவரோரமாக ஒன்பது அடி, திரும்ப ஐந்தடிச் சதுர மேடை, மறுபடி ஒன்பது அடி. ஓரத்தில் சக்கரம் நழுவாமல் சின்னக் கட்டை. அடியில் நல்ல கான்கிரீட். மழைத்தண்ணீர் வடிய நூற்றுக்கு ஒன்று வாட்டம், அதற்கு மேல் கூடாது. கூடினால் வண்டி தானாகவே ஒரு பக்கம் இழுக்கும். புல் பன்னிரண்டு மில்லி, நெருக்கமான ரகம். ரப்பருக்குப் பதில் மெல்லிய மணல். இரண்டு பாய் சேருகிற இடம் கையால் தடவினால்கூடத் தெரியக்கூடாது. சக்கரம் தட்டினால் ஆள் குப்புற விழுவான்.

"இன்னொண்ணு. வெயில்ல இந்தப் புல் அடுப்பு மாதிரி சுடும். என் கால் பட்டா எனக்குத் தெரியாது. கொப்புளம் வந்த அப்புறம்தான் தெரியும். அதனால ஆட்டம் சாயங்காலம்தான். அதுக்கு முன்னால தண்ணி தெளிக்கணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். புத்தகத்தில் எங்கேயோ இருந்திருக்கும். ஆனால் அடுத்த அறையில் இருந்தவனைக் கேட்டிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்! ஐம்பது மில்லி மெத்தையைப் புல் விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது இப்போது மொட்டை மாடியில் இருக்கிறது. அதன்மேல் ஒரு வேட்டியை விரித்து அம்மா வடாம் காயவைக்கிறாள். இந்த ஊரிலேயே விலையுயர்ந்த வடாம் எங்கள் வீட்டு வடாம்தான்.

இரண்டாவது தடவை மேஸ்திரிக்கு மேற்பார்வை தம்பி. ரசமட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அரை இஞ்ச் தூக்கியிருக்கு, உடைங்க" என்று அதட்டுகிறான். ஹாலில் டி.வி. ஓடுகிறது, பார்க்க ஆளில்லை.

முதல் ஆட்டத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வாங்கின பழைய வீல்சேர் எனக்கு. "நீ நின்னுக்கிட்டு ஆடினா அது ஆட்டம் இல்ல, அனுதாபம்" என்று சொல்லிவிட்டான். மேடையில் நாற்காலி போட்டு அப்பா அம்பயர். அவருக்கு இப்போது மாண்ட்ரியல் ஞாபகம் வருவதில்லை.

நான் இடது சக்கரத்தைத் தள்ளினால் வலது பக்கம் போகிறது. மட்டையைப் பிடித்தால் சக்கரம் இல்லை. சக்கரத்தைப் பிடித்தால் மட்டை இல்லை. அவனோ ஒரு கையால் வண்டியைச் சுழற்றி, பின்னால் சாய்ந்து அடித்தான் பாருங்கள் ஒரு ஸ்மாஷ்... அதே மணிக்கட்டு!

நேற்று சூப்பரின்டெண்ட் விசாரித்தார்: "என்னப்பா, உங்க கோர்ட் கேஸ் என்னாச்சு?"

"தம்பி பக்கம் தீர்ப்பாயிடுச்சு ஸார். 21-4, 21-6."

ஞாயிற்றுக்கிழமை அப்பீல்!