பட்டமும் கொதிகலனும்

மலாய் மொழியில் லாயாங் லாயாங் என்பது காற்றில் ஏறும் பட்டத்தைக் குறிக்கும். அப்பெயர் தாங்கிய சிற்றூர் ஜொகூர் மாநிலத்தில், ரெங்கத்திற்கும் கூலாய்க்கும் இடையே, 1909ஆம் ஆண்டில் நிறைவுற்ற இரயில் பாதையின் ஓரத்தில் இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள், முன்பு பெரும்பாலும் பால்மரம், பின்னர் செம்பனை. அருகிலுள்ள உலு ரெமிஸ் தோட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட செம்பனை இனத்தை உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் அறிவர்.

தமிழில் பட்டம் என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. அந்தப் பட்டத்தை ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெற்றுக்கொண்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் இவ்வூருக்குத் திரும்பினான். தான் பிறந்த தோட்டத்தின் எண்ணெய் ஆலையிலேயே பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளனாக அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஆலையில் இருக்க வேண்டும். முன்பக்கம் இரும்பு பதித்த புதிய காலணிகள் கட்டிலருகே இருந்தன. உறக்கம் வரவில்லை.

அவன் எதற்கு அஞ்சினான்? கணக்கிற்கு அன்று. அறுத்த குலைகளை ஏறத்தாழ 140 பாகை வெப்பமுள்ள நீராவியில் அவித்தால்தான் எண்ணெயைக் கெடுக்கும் நொதி அழியும் என்பதையும், பிழிந்த பழத்தின் நாரும் கொட்டை ஓடுமே கொதிகலனுக்கு எரிபொருள் என்பதையும் தேர்வில் பிழையின்றி எழுதியவன் அவன். அந்தக் கொதிகலனின் முன் நிற்கும் மனிதரை நினைத்துத்தான் அவனுக்கு வயிறு கலங்கியது. காலஞ்சென்ற தந்தையின் நண்பர். நான்கு வீடுகள் தள்ளிக் குடியிருப்பவர். அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பிறந்தது முதல் அவரை மாமா என்றே அழைத்து வந்தான். நாளை முதல் அவருக்கு அவன் மேலதிகாரி.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தாய் அவன் முகத்தைப் பார்த்தார்.

“மொத நாளு எனக்கும் கை நடுங்குச்சுப்பா. தூளைப் பூவுல ஊதாம என் மூஞ்சியிலேயே ஊதிக்கிட்டேன்.”

அக்காலத்தில் மகரந்தத் தூளை மாவுடன் கலந்து, மரம் மரமாகச் சென்று, பெண்பூக்களின் மீது ஊதுவது தோட்டத்துப் பெண்களின் வேலைகளுள் ஒன்று. 1981ஆம் ஆண்டு, இதே குளுவாங் மாவட்டத்தின் மாமோர் தோட்டத்தில், கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறு வண்டினம் விடப்பட்டது. ரஹ்மான் சையத் என்னும் பூச்சியியலாளரின் ஆய்வு அது. மனிதர் செய்த வேலையை வண்டு தானாகச் செய்தது. தாய் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கப் போனார். அந்த வண்டு பிற பயிர்களைத் தின்னுமா என்று பலவாறு சோதித்த பின்னரே வெளியே விட்டார்களாம். இளைஞனுக்கு நடந்ததோ அரைமணி நேர நேர்காணல்தான்.

மறுநாள் ஆலை மேலாளர் அவனை அனைவருக்கும் அறிமுகப்படுத்தினார். கொதிகலன்காரர் எழுந்து நின்று, “குட் மார்னிங், சார்” என்றார். அவனுக்கு மறுமொழி வரவில்லை.

தோட்டத்தில் விளிச்சொல் ஒருநாளும் வெறும் மரியாதையாக இருந்ததில்லை. துரை, கிராணியார், மண்டோர் என்று ஒவ்வொரு சொல்லும் ஒருவர் நிற்க வேண்டிய தூரத்தையும் சேர்த்தே சொல்லிற்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, மேலதிகாரிகளைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. அந்த வரலாற்றைப் பாட்டியின் வாயால் கேட்டு வளர்ந்தவனுக்கு ‘சார்’ என்ற சொல் காதில் சுட்டதில் வியப்பில்லை.

மூன்றாம் நாள் கொதிகலனின் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கிற்று. நீர் குறைந்த கொதிகலன் எத்தகைய ஆபத்து என்பதைப் பக்கம் பக்கமாகப் படித்தவன் அசையாமல் நின்றான். அவனுக்குக் கண்ணாடி காட்டும் முன்பே, நீர் இறைக்கும் பம்பின் ஒலி மாறியதை மாமா கேட்டிருந்தார். இரண்டாம் பம்பு அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தேநீர் வேளையில் அவன் மெல்லச் சொன்னான்: “மாமா, நீங்க என்னை சார்னு கூப்பிட வேணாம்.”

“ஆலைக்குள்ள சார்தான். நான் அப்படிக் கூப்பிட்டாத்தான் மத்தவங்க உங்க பேச்சைக் கேப்பாங்க. சாயங்காலம் வீட்டுப் பக்கம் வா, பம்பு சத்தம் எப்படிக் கேக்கணும்னு சொல்றேன்.”

பன்மையில் தொடங்கிய பேச்சு ஒருமையில் முடிந்ததைத் தமிழாசிரியர் ஒருவர் பிழை என்று திருத்தியிருக்கக்கூடும். அவனுக்கு அன்றைய நாளில் கிடைத்த பெரிய ஆறுதல் அந்தப் பிழையே.

அச்சம் உடனே போய்விடவில்லை. முதல் மாதம் முழுவதும் காலைப் பசியாறல் அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. குறிப்பேட்டில் சூத்திரங்களுக்குப் பக்கத்தில் ஒலிகளைப் பற்றி எழுதலானான்: பம்பு இரைவது, விசிறி முனகுவது, வால்வு சீறுவது. மாமாவிடம் அதைக் காட்டியபோது அவர் இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தினார்.

ஒருநாள் மாலை ஆலையிலிருந்து செம்மண் பாதையில் அவன் நடந்து வந்துகொண்டிருந்தான். பின்னால் மோட்டார் சைக்கிள் ஒலி கேட்டது. மாமா வேகத்தைக் குறைக்கவில்லை. ஒலிப்பானை ஒருமுறை அழுத்திவிட்டு, புழுதி கிளப்பிக்கொண்டு அவனைக் கடந்து போனார்.