அண்டாவும் ஆழாக்கும்

தாம்பரம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள குட்டிம்மா,

பதினெட்டு வயது முடிய இரண்டு மாசம்தான் இருக்கு, அப்புறம் குழந்தைகள் இல்லத்தில் இருக்க முடியாது என்று மேடம் சொன்னதாக எழுதியிருந்தாய். பயப்படாதே என்று எழுத மாட்டேன், பயம் வரத்தான் செய்யும். ஆனால் சில வேலைகளை அங்கிருக்கும்போதே, சிலவற்றைப் பதினெட்டு ஆன உடனேயே முடித்துவிடு. தள்ளிப்போட்டால் அலைச்சல்.

முதலில் ஆதார். அதில் இருப்பது இல்லத்து முகவரி, மேடத்தின் செல் நம்பர். நீ எங்கே போய் நின்றாலும் ஓடிபி அவருக்குத்தான் போகும். அவர் மாற்றலாகிப் போய்விட்டால்? பதினெட்டு ஆகாமல் சிம் தர மாட்டார்கள். அதனால் பிறந்தநாள் முடிந்ததுமே உன் பெயரில் சிம் வாங்கி, ஆதார் மையத்தில் கைரேகை வைத்து நம்பரை மாற்றிவிடு. பாங்கில் இருப்பதும் மைனர் கணக்கு. புதுக் கையெழுத்தும் போட்டோவும் கொடுத்து அதையும் மாற்ற வேண்டும்.

இல்லத்தை விட்டு வருகிறவர்களுக்கான பிற்காப்பு உதவியைக் கேட்டு வாங்கு. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 46 உன்னைப் போன்றவர்களுக்காகத்தான் இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாசம் 4,000 ரூபாய், 21 வயது வரை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புதல் சீட்டும் வாங்கி வை. யாரும் தேடி வந்து தர மாட்டார்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் சோறு. சிரிக்காதே! அறுபது பேருக்கு அண்டாவில் உலை வைக்கத் தெரிந்த உனக்கு ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று தெரியாது. ஓர் ஆழாக்கு போட்டால் இரண்டு வேளைக்கு வரும். கால் கிலோ தக்காளி, நூறு கிராம் துவரம்பருப்பு என்று கேட்டு வாங்கப் பழகு. சோப்பு எத்தனை நாள் வரும், பேஸ்ட் எப்போது தீரும் என்பதெல்லாம் இனி உன் கணக்கு. சம்பளம் வந்ததும் வாடகையையும் பஸ் செலவையும் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை நாலு வாரத்துக்குப் பிரித்துக்கொள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், அது ஒரு மிச்சம்.

வேலை கிடைத்ததும், வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதிக்கு மனுப் போடலாம், தாம்பரத்திலேயே இருக்கிறது. தனி வீடு பார்த்தால் அட்வான்ஸ் ஆறு மாசம், பத்து மாசம் என்பார்கள். வேறு ஒப்பந்தம் போடாதவரை மூன்று மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் வருஷ வாடகைச் சட்டம் சொல்கிறது. சட்டம் பேசினால் வீடு கிடைக்காது என்பதும் உண்மைதான், ஆனாலும் தெரிந்து வைத்துக்கொண்டு பேரம் பேசு.

எல்லா வீட்டுக்காரரும் கேட்பது, “அப்பா அம்மா எந்த ஊரும்மா?” பொய்யும் வேண்டாம், முழுக்கதையும் வேண்டாம். “எனக்கு அக்காதான்” என்று சொல்லி என் நம்பரைக் கொடு. மீதியை நான் பேசிக்கொள்கிறேன்.

இங்கே காலையில் எழுப்ப மணி அடிக்காது. முதல் வாரம் சுகமாக இருக்கும். பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாராவது பேசமாட்டார்களா என்று இருக்கும். அந்த நேரத்தில் பழகுகிறவர்களிடம் ஏடிஎம் கார்டு, பின் நம்பர், கையெழுத்து எதையும் கொடுக்காதே. அன்பாகப் பேசுகிறவர்கள்தான் கேட்பார்கள். போரடித்தால் எனக்குப் போன் போடு, திட்டினாலும் எடுப்பேன்.

இங்கே கிளம்பி வரும்போது, உன் பஸ் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும், கோயம்பேடு போகாது. டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், குழந்தைகள் நலக் குழு உத்தரவு நகல் எல்லாவற்றையும் உன் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பு. போர்வை எடுத்து வராதே, இங்கே இருக்கிறது.

அன்புடன்,
அக்கா